தம்பியின் கையெழுத்தைக் கேட்கும் விடுதலைப் பத்திரம்: என்ன செய்யலாம்?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரிடம் யோசனை கேட்டாலும் அன்று பொழுது சாய்வதற்குள் அது அண்ணன் காதுக்குப் போய்விடும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

என் தம்பிக்கு வயது 41. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவன். மருத்துவச் சான்றில் 75 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார்கள். தானே குளிப்பான், தானே சாப்பிடுவான், தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவான். பத்து ரூபாய்த் தாளையும் இருபது ரூபாய்த் தாளையும் அவனுக்கு அடையாளம் தெரியும். ஐந்நூறு ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வேறுபாடு தெரியாது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டு ஆண்டுகள், நாள் தவறாமல் மாலையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார். அதில் அவனுக்கு இன்றைக்கும் அப்படி ஒரு பெருமை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதி முடித்துவிட்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்பான். அப்பா சொல்லிக்கொடுத்த அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான் இப்போது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன்பும், அம்மா எட்டு மாதங்களுக்கு முன்பும் காலமானார்கள். உயில் எதுவும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு வீடும், அதன் முன்புறம் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு கடைகளும் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியவை; பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தம்பி. தம்பி அண்ணன் வீட்டில்தான், அதாவது அந்த வீட்டில்தான், இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்வது மதினிதான் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து அழைத்துப் போவதும், இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். நான் கோயம்புத்தூரில் வாடகை வீட்டில், கணவரின் பெற்றோருடன் இருக்கிறேன்.

ஆனால் தம்பிக்கு அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் வரும் வங்கிக் கணக்கின் ஏடிஎம் அட்டை அண்ணனிடம் இருக்கிறது. அம்மா போன பிறகு கடை வாடகை என்ன ஆகிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது. அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தைத் தம்பி பெயருக்கு மாற்றவும் அண்ணன் மனு கொடுத்திருக்கிறார். தீபாவளிக்குப் போனபோது தம்பி போட்டிருந்த செருப்பின் வார் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சென்ற வாரம் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, விடுதலைப் பத்திரம் எழுதத் தயாராகிவிட்டதாகவும், அடுத்த மாதம் முதல் முகூர்த்த நாளில் நானும் தம்பியும் எங்கள் பாகத்தை அவர் பெயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். "உனக்கு நகை போட்டுச் சீர் செய்தாயிற்று, அவனுக்குப் பங்கு எதற்கு, நான்தானே சோறு போடுகிறேன்" என்றார்.

என் பாகத்தை விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரிதில்லை. தம்பியின் கையெழுத்து சட்டப்படி செல்லுமா? நான் தடுத்தால், "அப்படியானால் நீயே கூட்டிக்கொண்டு போ" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில்: பழைய பத்திரக்காரர்

அம்மா, பதிவுத்துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வுபெற்றவன் என்பதால் பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பங்கு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. அம்மா இறந்தபோது அவருடைய பங்கு உங்கள் மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. ஆகவே இன்று தம்பிக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. "அவனுக்குப் பங்கு எதற்கு" என்ற பேச்சு அந்தக் காலத்துப் பேச்சு. 1928ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் மற்ற ஊனங்களுக்கு விலக்குக் கொடுத்தபோதுகூட, பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர்களைச் சொத்துரிமைக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது: நோய், குறைபாடு, ஊனம் எதன் பெயராலும் ஒருவருடைய வாரிசுரிமையை மறுக்க முடியாது.

அடுத்தது கையெழுத்து. ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு கேட்பது ஒன்றைத்தான். எழுதிக்கொடுக்கிறவர், எழுதிக்கொடுக்கும் அந்த நேரத்தில், அது இன்னதென்று புரிந்துகொள்ளவும், அதனால் தனக்கு என்ன நேரும் என்று நியாயமாக எண்ணிப் பார்க்கவும் முடிந்தவராக இருக்க வேண்டும். பெயர் எழுதத் தெரிந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பதிவுச் சட்டத்தின் 35ஆவது பிரிவும், எழுதிக்கொடுப்பவர் அந்த நிலையில் இல்லை என்று சார்பதிவாளருக்குத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்றே சொல்கிறது. அது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அதிலுள்ள சொற்களை இன்று வாய்விட்டுப் படிக்க முடியாது, ஆனால் பாதுகாப்பு இருக்கிறது.

இனி நடைமுறையைச் சொல்கிறேன். இது புத்தகத்தில் இருக்காது. முகூர்த்த நாளில் அலுவலகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. புகைப்படம், கைரேகை, "இது உங்கள் கையெழுத்துதானா? விருப்பப்பட்டுத்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா?" என்ற இரண்டு கேள்விகள், அவ்வளவுதான். உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆகவே சார்பதிவாளருக்குத் தோன்றும்படி நீங்கள்தான் செய்ய வேண்டும். சொத்தின் சர்வே எண், தம்பியின் பெயர், அவருடைய மருத்துவச் சான்று, அடையாள அட்டையின் நகல், அப்பா அம்மாவின் இறப்புச் சான்றுகள் ஆகியவற்றை இணைத்து, "இவர் பெயரில் விடுதலை, தான செட்டில்மெண்ட், கிரயம், பொது அதிகாரப் பத்திரம் எது வந்தாலும் 35ஆவது பிரிவின்படி பரிசீலிக்க வேண்டும்" என்று ஓர் ஆட்சேப மனுவை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) சார்பதிவாளருக்கும், நகலை மாவட்டப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள். விடுதலைப் பத்திரம் நின்றுபோனால் அடுத்து அந்த வழியைத்தான் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

இந்த மனு தடையாணை ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பதிவை நிரந்தரமாக நிறுத்தி வைக்க அந்த அலுவலகத்தால் முடியாது. ஆனால் சான்றோடு ஓர் எழுத்து மூலமான அறிவிப்பு கோப்பில் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்ய எந்த அதிகாரியும் துணிய மாட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் பாகத்தை விட்டுக்கொடுப்பது பெரிதில்லை என்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் கூட்டு உரிமையாளராக இருக்கும்வரைதான் உங்களைக் கேட்காமல் அந்த வீட்டை முழுதாக விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. உங்கள் பங்குதான் இப்போது தம்பியின் பங்குக்கு வேலி. இன்றே இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அம்மா இருந்தபோதே ஏதாவது நடந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

பதில்: கணக்கு நோட்டு

தங்கைக்கு, நானும் இப்படிப்பட்ட ஓர் உடன்பிறப்புதான். ஆனால் உங்கள் மதினி நிற்கும் இடத்தில் நிற்பவள். என் அண்ணனுக்கு 53 வயது, அவருக்கும் அறிவுசார் குறைபாடு. 11 ஆண்டுகளாக அவருக்குச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர் நான்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. மனநோய்க்கு அது பொருந்தாது. பலர் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். 18 வயது தாண்டிய ஒருவருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள உள்ளூர் மட்டக் குழுவிடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். விவரங்களை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் இந்தச் சட்டத்தின் உயிர் 16ஆவது பிரிவில் இருக்கிறது. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள், தன் பொறுப்பில் உள்ளவருடைய வீடு, நிலம், நகை, வைப்புத்தொகை, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது அனைத்தையும் பட்டியலிட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பெற்ற தாய் இறந்த பிறகு அண்ணனைக் குளிப்பாட்டி உடுத்திப் படுக்க வைப்பவள் நான், நான் கணக்குக் காட்டுவதா என்று அழுதேன். பிறகு வீம்புக்காகவே எழுதினேன்: முகச்சவரம் 60, வலிப்பு மாத்திரை, திருவிழாவில் வாங்கிய ஊதல் 20 ரூபாய் என்று ஒன்றுவிடாமல். நான்காம் ஆண்டில் என் தங்கை கணவர், அண்ணனின் பணத்தில்தான் நான் மாடி கட்டினேன் என்று உறவுகளிடம் சொன்னபோது, அந்த நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டில் வேறு யாரும் எனக்காகப் பேசவில்லை.

அதனால் உங்கள் அண்ணனையும் மதினியையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் மனுப் போடாதீர்கள். உடன்பிறந்தவர்கள் தனியாகவும் விண்ணப்பிக்கலாம், கூட்டாகவும் விண்ணப்பிக்கலாம். நீங்களும் அண்ணனும் சேர்ந்து விண்ணப்பித்தால், பார்த்துக்கொள்வது அவர்கள், கணக்கில் இரண்டு கையெழுத்து என்று ஆகும். வங்கிகளும் உள்ளூர் மட்டக் குழுவின் பாதுகாவலர் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி முன்பே தெளிவுபடுத்தியிருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் அந்தச் சுற்றறிக்கையைக் கேளுங்கள். குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கினால் அதுவும் அந்தக் கணக்குக்கே வரட்டும். சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுதும் வரக்கூடிய தொகை. வீட்டைவிட அதுதான் நாளடைவில் பெரிய சொத்து. ஆண்டுதோறும் நேர்காணலுக்கு அவரை அழைத்துப் போவது யார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மதினிக்கு மாதம் ஒரு தொகையைத் தம்பியின் வருமானத்திலிருந்து வெளிப்படையாகக் கொடுங்கள். கடை வாடகையில் அவன் பங்கும் உதவித்தொகையும் சேர்ந்து என்ன வருகிறதோ, அதில் அவன் சாப்பாட்டுக்கு இவ்வளவு, பார்த்துக்கொள்ளும் உழைப்புக்கு இவ்வளவு, அவன் பெயரில் சேமிப்புக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துக் கொடுங்கள். 'பாசத்துக்குக் கூலியா' என்று கேட்பார்கள். வாங்குகிற கூலிக்குப் பெயர் இல்லாதபோதுதான் அது ஏடிஎம் வழியாகத் தானே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நியமித்த பாதுகாவலரே சொத்தைச் சுருட்டினாலோ கவனிக்காமல் விட்டாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ அவரை நீக்கக் கோரிக் குழுவிடம் மனுச் செய்ய 17ஆவது பிரிவு வழி விடுகிறது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பதில்: கடைசி பெஞ்சு

கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். தீபாவளிக்கு ஒருமுறை போய்ச் செருப்பைப் பார்ப்பவருக்கும், இரவில் வலிப்புக்கு எழுந்திருப்பவருக்கும் ஒரே அளவு உரிமையா? பத்திரம் என்று வந்தவுடன் தம்பி நினைவுக்கு வருவதை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். அண்ணன் இல்லாவிட்டால் அந்தத் தம்பி இன்று எங்கே இருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

பதில்: சக்கரம்

கடைசி பெஞ்சு கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குரிய விடை பங்கைப் பறித்துக்கொள்வது அல்ல, கணக்கு நோட்டு அக்கா சொன்னபடி உழைப்புக்கு விலை வைப்பது.

எனக்குப் பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில் இருக்கிறேன், பேச்சு குழறும், எம்.காம். படித்திருக்கிறேன். என் 29ஆவது வயதில் என் தாய்மாமா ஒருவர் வங்கியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "பையனுக்கு ஒன்றும் புரியாது, நான்தான் எல்லாம்" என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரியும் என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினார். அன்று என் பெயரில் இருந்த வைப்புத்தொகையை முறிக்க வந்திருக்கிறார் என்பது அவர் படிவத்தை நிரப்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கத்தினேன். கத்தியதும் "பாருங்கள், இப்படித்தான்" என்றார். ஆகவே, 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். ஏமாற்றுகிறவர்களும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், காப்பாற்றுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

சகோதரி, நீங்கள் எழுதியதில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தம்பியிடம் கேட்டீர்களா? எங்கே இருக்க விரும்புகிறான், வீடு யாருடையது என்று நினைக்கிறான், அண்ணன் அடிக்கிறாரா அணைக்கிறாரா என்று கேட்டீர்களா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 13ஆவது பிரிவில், சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் பண விவகாரங்களை நடத்தவும் எங்களுக்கு மற்றவர்களுக்கு நிகரான உரிமை உண்டு என்று தொடங்குகிறது. தேவைப்படுவது உதவி. உதவி செய்கிறவருக்கும் அந்த மாற்றுத்திறனாளிக்கும் ஒரு குறிப்பிட்ட சொத்து விவகாரத்தில் நலன்கள் மோதினால், அந்த விவகாரத்தில் மட்டும் உதவுகிறவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இரத்த உறவு என்பதாலேயே நலன் மோதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் கூடவே எழுதியிருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் பத்திரத்தில் யார் பெயருக்கு வீடு போகிறதோ அவரே தம்பியின் கையைப் பிடித்துச் சார்பதிவகத்துக்கு அழைத்து வருகிறார் என்றால், இதைவிடத் தெளிவான மோதல் எது?

பழைய பத்திரக்காரர் ஐயா சொன்ன 12ஆவது பிரிவையும் இப்படிப் பாருங்கள். 'இந்தப் பத்திரம் புரிந்ததா' என்று அந்த ஒரு பத்திரத்தை மட்டுமே அது கேட்கிறது. உங்கள் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் புரியாது என்று நிறுவுங்கள். அவனுக்கு எதுவுமே புரியாது என்று எந்த மனுவிலும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு அவன் ஓட்டுப் போடுவது வரை, டீக்கடைக்குப் போவது வரை துரத்தும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் சொல்லப்படும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையும் இதே எண்ணத்தில் வந்ததுதான்: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவருடன் கலந்து பேசி. கணக்கு நோட்டு அக்கா சொன்ன முழுப் பாதுகாவலர் முறையை நான் எதிர்க்கவில்லை. 75 விழுக்காடு என்னும்போது அது தேவைப்படலாம். ஆனால் குழுவின் முன்னால் அவனும் வந்து உட்காரட்டும், கேள்வி அவனிடமும் கேட்கப்படட்டும்.

சோறு போடாமல் வைப்பது, அடிப்பது, பூட்டி வைப்பது போன்ற எதையாவது கண்டால் தாமதிக்காதீர்கள். அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். கோட்டாட்சியருக்கு அந்த அதிகாரம் உண்டு, நீங்கள் அவரிடம் போகலாம். இப்போது நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை இல்லை. எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போனால் தம்பி நடுத்தெருவில் நிற்பான்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. கடைசி பெஞ்சு அவர்களுக்கும்தான். அவர் எழுதியதைப் படித்த இரவு என் கணவரிடம்கூடப் பேசவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை.

வில்லங்கச் சான்று போட்டேன். அம்மா காலத்தில் எதுவும் நடக்கவில்லை. ஆட்சேப மனுவை விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒப்புகை கைக்கு வந்த பிறகு ஊருக்குப் போனேன். நான் அனுப்பியதை அண்ணனிடம் நானே சொன்னேன். பின்னால் தெரிந்தால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. எதிர்பார்த்தபடியே கத்தினார். எதிர்பார்த்தபடியே "கூட்டிக்கொண்டு போ" என்றார். நான், "சரி அண்ணா, இன்றைக்கே அனுப்புங்கள், ஆனால் ஓய்வூதிய மனுவும் என்னோடு வரும்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. உண்மையில் அனுப்பியிருந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவனுக்குப் பாய் போட்டிருப்பேன்.

மதினிதான் பேச்சை மாற்றினார். அன்று மாலை அடுப்படியில் வைத்து, இரண்டு கடை வாடகையும் அண்ணனின் வண்டிக் கடனுக்குப் போய்க்கொண்டிருப்பதையும், தனக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வருவதில்லை என்பதையும் சொன்னார். மாதா மாதம் ஒரு தொகை தன் கைக்கே வரும் என்றால் கணக்கு எழுதத் தனக்குச் சம்மதம் என்றார். அவர் பிளஸ் டூ படித்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சக்கரம் அவர்கள் சொன்னபடி தம்பியிடமும் கேட்டேன். "இது யார் வீடு?" என்றேன். "அப்பா வீடு" என்றான். "அப்பாவுக்கு அப்புறம்?" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்பா வீடு" என்றே சொன்னான். எங்கே இருக்க ஆசை என்று கேட்டதற்கு டீக்கடைக்காரரின் பெயரைச் சொன்னான். அவன் அந்தத் தெருவை விட்டு வர மாட்டான் என்று புரிந்துகொண்டேன்.

அண்ணன் இப்போது, "விடுதலை வேண்டாம், முறையாகப் பாகப்பிரிவினையே செய்துகொள்வோம், தம்பிக்குப் பின்புற அறையை எழுதி வைத்துவிடுகிறேன்" என்கிறார். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: பழைய பத்திரக்காரர்

ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா; குறைந்தபட்சம் அந்த வடிவத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் தம்பி கையெழுத்துப் போட்டாக வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் இருந்த அதே குறைதான் அதிலும் இருக்கும். மேலும், வருமானம் தருவது முன்புறக் கடைகள். பின்புற அறையை மட்டும் அவருக்கு ஒதுக்கினால் மூன்றில் ஒரு பங்கு என்பது பேருக்குத்தான்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் நீதிமன்றத்தின் வழியாகப் பிரியுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது கட்டளை, தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாதவருக்காக வேறொருவர் வழக்கில் நிற்க வழி செய்கிறது. அப்படி நிற்பவர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் எந்தச் சமரசத்துக்கும் உடன்படக் கூடாது என்பது அதிலுள்ள 7ஆவது விதி. அதாவது, அண்ணனும் நீங்களும் பேசி முடித்த பங்கீடு தம்பிக்கு நன்மையானதா என்று நீதிபதி பார்த்த பிறகே தீர்ப்பாணையாகும். செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். தம்பியின் பெயரில் மனுக் கொடுங்கள்.

அவசரம் இல்லை என்றால் பிரிக்காமலே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் சொந்தக் கருத்து. மூவர் பெயரும் பட்டாவில் ஏறட்டும், வாடகை ஒப்பந்தத்தை மூவர் பெயரில் புதிதாக எழுதுங்கள், வாடகையைக் கடைக்காரர்கள் வங்கியில் கட்டட்டும்.

பதில்: கணக்கு நோட்டு

வாடகை ஒப்பந்தம் எழுதும் முன் பாதுகாவலர் மனுவைக் கொடுத்துவிடுங்கள் தங்கை. அப்போதுதான் தம்பி சார்பில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி எழாது. மனுவில் அண்ணன் பெயரோடு உங்கள் பெயரா, அண்ணனை விட்டுவிட்டு நீங்கள் மட்டுமா என்பதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தொலைபேசியில் இது முடியாது. கடனில் இருக்கும் மனிதர் தனியாகக் கையெழுத்திடும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டும் என் எச்சரிக்கை. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். நல அலுவலரும் அங்கே இருப்பார்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

பேசி முடித்துவிட்டோம். அண்ணனும் நானும் கூட்டாக விண்ணப்பிக்கிறோம். மதினியைப் பாதுகாவலராகப் போடலாமே என்று நான் கேட்டேன், அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை போய்ப் படிவம் கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்களாம். ஏடிஎம் அட்டை இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கும்வரை தர மாட்டேன் என்கிறார்.

மதினிக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் வரவு, செருப்பு 350 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். அது செலவுப் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அட்டையில் தம்பி தன் பெயரை எழுதிக் கொடுத்தான்.